நில்லாத பெடல்

ஓடும் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்திய பிறகும் வண்டி தன்போக்கில் உருண்டு செல்வதையும், அந்நேரம் பின்சக்கரத்தின் நடுவிலிருந்து சில்வண்டு இரைவதுபோல ஒரு மெல்லிய ஒலி எழுவதையும் சைக்கிள் ஓட்டிய எவரும் அறிவர். கடைக்காரர்கள் ‘பிரிவீல்’ என்று சொல்லும் ஃப்ரீவீலின் உள்ளிருந்து வருவது அவ்வொலி. வெளிப்பார்வைக்கு வெறும் பல்சக்கரமாகத் தெரியும் அவ்வுறுப்பினுள், வில்கம்பியால் நிமிர்த்தி வைக்கப்பட்ட சிறு நாக்குகள் இருக்கின்றன. செயின் முன்னோக்கி இழுக்கும்போது அவை உட்புறப் பற்களில் மாட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுகின்றன. செயின் நின்றுவிட்டால் பற்களின்மீது வழுக்கி, சக்கரத்தைத் தடையின்றி ஓட விட்டுவிடுகின்றன. இந்த ஏற்பாட்டை அகற்றி, அதன் இடத்தில் நாக்கோ வில்லோ இல்லாத ஒற்றைப் பல்சக்கரத்தை ஹப்பின்மீது இறுக்கிவிட்டால் கிடைப்பதே ஃபிக்ஸட் கியர் சைக்கிள், இளைஞர் பேச்சில் ‘ஃபிக்ஸி’.

இதில் சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றாக வேண்டும். கால் ஓய்ந்தாலும் பெடல் ஓயாது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் சக்கரம் வேகம் குறையும். முழுவதுமாகத் தடுத்துப் பிடித்தால் சக்கரம் நின்று டயர் தேயும். இந்தப் பொறியமைப்பு தமிழ் வீடுகளுக்குப் புதியதன்று. கால்மிதித் தையல் இயந்திரத்தின் பெருஞ்சக்கரம் சுழலும்வரை மிதிபலகையும் ஆடிக்கொண்டேயிருப்பதும், அதை நிறுத்தத் தையற்காரர் அதே காலால் எதிர்த்து அழுத்துவதும் இதே முறைதான். முன்சக்கரத்தில் பெடல் பொருத்திய குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியும் ஃபிக்ஸட் கியரே. ஆகவே பலரும் வாழ்க்கையில் முதலில் ஓட்டிய வண்டி இவ்வகையைச் சேர்ந்ததாகவே இருந்திருக்கும், பெயர்தான் தெரிந்திராது.

வரலாற்றிலும் இதுவே மூத்தது. 1860-களில் பாரிசில் மிஷோ குடும்பத்தார் செய்து விற்ற வெலோசிபீட் வண்டியில் பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே நேராகப் பொருத்தப்பட்டிருந்தன. 1885-இல் இங்கிலாந்தில் ஜே. கே. ஸ்டார்லி வெளியிட்ட ‘ரோவர்’ வண்டி, செயின் வழியாகப் பின்சக்கரத்தை ஓட்டி, இன்றைய சைக்கிளின் வடிவத்தை நிலைநாட்டியபோதும் அதில் ஃப்ரீவீல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான் ஃப்ரீவீல் பரவலாயிற்று. அதன் வரவைப் பந்தயக்காரர்களில் ஒரு சாரார் விரும்பவில்லை. 1903-இல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச் அவர்களில் முதன்மையானவர். 1893-இல் பாரிசின் பஃபலோ வெலோட்ரோமில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி, ஒரு மணிச் சாதனைப் பட்டியலின் முதல் வரியில் இடம்பெற்ற வீரரும் அவரே. 1902-இல் பிரெஞ்சுச் சுற்றுலாக் கழகம் நடத்திய மலைப்பாதைச் சோதனையில், மூன்று கியர் பூட்டிய வண்டியில் வந்த மார்த் எஸ் என்ற பெண், ஒற்றைப் பல்சக்கர வண்டியில் வந்த ஆண் பந்தய வீரரை முந்திய பிறகும் தெக்ராஞ்சின் மனம் மாறவில்லை. மாற்றும் கியர்கள் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியவை என்று எழுதினார். டூர் தெ பிரான்சில் கியர் மாற்றும் கருவிகள் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டன. அதுவரை வீரர்கள், இரு பக்கமும் பல்சக்கரம் பூட்டக்கூடிய ஹப்புடன் ஓட்டி, மலையடிவாரம் வந்ததும் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டிக்கொண்டு ஏறினார்கள்.

சாலைப் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட ஃபிக்ஸட் கியர், வெலோட்ரோம் எனப்படும் வட்டப்பாதை அரங்கைத் தன் நிலையான இருப்பிடமாக்கிக்கொண்டது. எல்லாரும் ஒரே திசையில் ஓட்டும், குறுக்கே ஆடுமாடு வராத அந்தச் சரிவுப் பாதையில் பிரேக் இல்லாமலே ஓட்டுகிறார்கள். ஒருவர் திடீரெனப் பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர்கள் மோதி விழுவார்கள் என்பதால், அங்கே பிரேக் இல்லாமையே பாதுகாப்பு. 2022-இல் இத்தாலியரான பிலிப்போ கானா ஒரு மணியில் 56.792 கிலோமீட்டர் ஓட்டிய சாதனையும், ஜப்பானில் 1948-இல் கொக்குரா நகரில் பந்தயச் சூதாட்டமாகத் தொடங்கிப் பின்னர் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்ற கெய்ரின் ஓட்டமும் இவ்வகை வண்டிகளில் நிகழ்பவையே. இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியின் கெய்ரின் ஓட்டத்தில் அந்தமானைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மறு ஆண்டு ஜெர்மனியில் அவரும் ரொனால்டோ சிங்கும் ரோஜித் சிங்கும் அணி விரைவோட்டத்தில் தங்கம் வென்றனர்.

அரங்கை விட்டு வண்டி தெருவுக்கு வந்தது நியூயார்க் போன்ற நகரங்களின் அஞ்சல் தூதர்களால். கெடு நேரத்துக்குள் கோப்புகளைக் கொண்டு சேர்க்கும் அவர்களுக்கு, கியர் கம்பியும் மாற்றியும் இல்லாத, பழுதுபட ஏதுமற்ற வண்டி வசதியாயிருந்தது. 2000-களில் அது நாகரிக அடையாளமாகி, வண்ண ரிம்களும் வெட்டிக் குறுக்கிய ஹேண்டில்பாருமாக உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. கூடவே அரங்கின் ‘பிரேக் இல்லை’ என்ற வழக்கமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இந்த ஒட்டுதல்தான் ஃபிக்ஸட் கியரின் பெயரைக் கெடுத்தது.

இப்படிப்பட்ட வண்டிக்குப் புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களில் என்ன வேலை என்று கேட்கலாம். வில்லியனூரும் பாகூரும், பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற ‘கொம்யூன்’ என்ற சொல்லை இன்றும் பஞ்சாயத்துப் பெயரில் தாங்கி நிற்பவை. பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளை இந்தியாவோடு இணைப்பது குறித்து 1954 அக்டோபர் 18-ஆம் நாள் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்த கீழூரும் வில்லியனூரை ஒட்டியதே. அரசியல் வரைபடத்தில் தமிழ்நாட்டு ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் கோத்துக் கலந்து கிடக்கும் இப்பகுதி, நில அமைப்பில் ஒரே சமவெளி. சங்கராபரணியும் தென்பெண்ணையும் கொண்டுவந்து சேர்த்த வண்டலில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊசுட்டேரி, பாகூர் ஏரி ஆகியவற்றின் கரைகளே சுற்றுவட்டாரத்தின் மேடுகள். பாகூரிலிருந்து நகருக்கு வருபவர் கடலூர்ச் சாலையில் நோணாங்குப்பத்துச் சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் அரியாங்குப்பத்துப் பாலத்தையும் ஏறி இறங்க வேண்டியிருக்கும். மற்றபடி கால் ஒரே சீராக மிதித்துவரலாம். ஃப்ரீவீலின் பெரும் பயன் இறக்கத்தில் காலுக்கு ஓய்வு தருவது. பாலங்களைத் தவிர இறக்கமே இல்லாத ஊரில் அந்தப் பயன் சுருங்கிவிடுகிறது.

இதைவிட முக்கியமான காரணம் இன்னொன்றும் உண்டு. ஃபிக்ஸட் கியருக்கு வேண்டிய அடிப்படைச் சட்டம் இவ்வூர்களில் ஏற்கெனவே கிடக்கிறது. நெல்மூட்டையும் பால்கேனும் சுமந்து உழைத்து ஓய்ந்து, மாட்டுக்கொட்டகை ஓரம் சாய்ந்திருக்கும் பழைய கறுப்பு வண்டியே அது. 1949-இல் முருகப்பா குழுமமும் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து அம்பத்தூரில் தொடங்கிய ஆலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ், லூதியானாவின் ஹீரோ, சோனிப்பத்தின் அட்லஸ் ஆகிய வண்டிகள் யாவும், ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள ஒரே ஆங்கிலேய மாதிரியின் பிரதிகள். இவற்றில் அட்லஸின் கடைசி ஆலை 2020 ஜூன் 3-ஆம் நாள், அதாவது உலக சைக்கிள் நாளன்றே, தொழிலாளருக்கு இனி வேலை இல்லை என்ற அறிவிப்பை ஒட்டியது காலத்தின் கேலி.

கறுப்பு வண்டியின் பின்னச்சு நீளவாட்டில் வெட்டப்பட்ட காடியில் உட்காருகிறது. அச்சை அதனுள் முன்னும் பின்னும் நகர்த்தி, செயின் அட்ஜஸ்டரைத் திருகி, செயினை வேண்டிய அளவு இழுத்துக்கொள்ளலாம். கியர் வண்டிகளின் காடி பெரும்பாலும் மேலிருந்து கீழாக வெட்டப்பட்டிருப்பதால் அதில் இது முடியாது. செயின் தளர்வை வாங்கிக்கொள்ள வில்வைத்த தனிக்கருவி அங்கே வேண்டியிருக்கும். அந்தக் கருவியோ ஃபிக்ஸட் கியருக்கு உதவாது. பின்னோக்கி அழுத்தும்போது செயினின் கீழ்ப்பாதி விறைத்து அதை முறித்துவிடும். விலையுயர்ந்த கியர் வண்டியால் ஆகாதது கறுப்பு வண்டியால் ஆகிறது.

சட்டத்தைத் தேர்ந்த பிறகு வேலை முழுவதும் பின்சக்கரத்தின் ஹப்பில் வந்து நிற்கிறது. நகரத்துக்கான ஃபிக்ஸியைக் கட்டுவோர் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள், ஆகவே சற்று விரிவாகப் பார்ப்பது தகும். சாதாரண ஹப்பில் ஃப்ரீவீல் ஏறும் மரை 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 சுற்றும் கொண்டது. வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும். முன்னோக்கி மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை மேலும் இறுக்குவதாலேயே அதைக் கழற்றச் சாவியும் வலுவும் வேண்டியிருக்கிறது. ஃபிக்ஸட் பல்சக்கரத்தின் மரையும் இதே அளவுதான். பழைய ஹப்பிலேயே அது அழகாக ஏறி உட்கார்ந்துவிடும். ஏறியதும் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஓட்டுபவர் வேகம் குறைக்கப் பெடலைப் பின்னோக்கி அழுத்தும் கணத்தில் விசை எதிர்த்திசையில் பாய்கிறது. இறுக்கிய மரை அவிழத் தொடங்குகிறது. நிறுத்த வேண்டிய நேரத்தில் பெடல் வெறுமனே பின்னோக்கிச் சுழல்கிறது. பழைய ஃப்ரீவீலின் உள்ளே வெல்டிங் வைத்து அசையாமல் செய்துவிடும் குறுக்குவழியின் கதியும் இதுவே. இப்படிச் செய்த ஹப்புக்குச் சைக்கிள் உலகில் ‘தற்கொலை ஹப்’ என்றே பெயர்.

வெலோட்ரோம் வண்டிகளுக்கென்று செய்யப்படும் டிராக் ஹப் இச்சிக்கலை எளிய உபாயத்தால் தீர்க்கிறது. பல்சக்கரத்துக்கான வலஞ்சுழி மரைக்கு வெளியே, 1.29 அங்குல விட்டத்தில் இன்னொரு படி மரை அதில் உண்டு, அது இடஞ்சுழி. அதன்மேல் லாக்ரிங் என்ற பூட்டுவளையம் ஏறுகிறது. பல்சக்கரம் அவிழ முயன்றால் வளையத்தையும் தன்னோடு திருப்பப் பார்க்கும். வளையத்தின் மரை எதிர்த்திசையில் அமைந்திருப்பதால் அத்திருப்பமே அதை இறுக்கிவிடும். இக்கருத்தை எந்தச் சைக்கிள் கடைக்காரருக்கும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. இடது பெடலுக்கு மரை தலைகீழாக ஏன் வெட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கடைப்பையன் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஸ்பேனரும் கையுமாக அறிந்துகொள்கிறான்.

புதுச்சேரிக்கே உரிய ஒரு குழப்பத்தையும் இங்கே குறிப்பிடலாம். பழைய வீட்டுப் பரணில் பெஜோ போன்ற பிரெஞ்சுத் தயாரிப்பு ஒன்று கிடைக்குமானால், அதன் ஹப் பிரெஞ்சு அளவில், அதாவது 34.7 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் புரியிடைவெளியும் கொண்டதாக இருக்கக்கூடும். ஆங்கிலேய அளவான 1.37 அங்குலத்தை மில்லிமீட்டராக்கினால் 34.8 வருகிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒன்றை மற்றொன்றின்மீது வலிந்து ஏற்றினால் இரண்டின் மரையும் அழியும். பல்சக்கரத்துக்குப் பிரெஞ்சில் ‘பிஞ்ஞோன்’. லாரி மெக்கானிக்குகள் சொல்லும் ‘பினியன்’ அதன் உடன்பிறப்பு. சொற்கள் ஒத்துப்போகின்றன, மரைகள் ஒத்துப்போவதில்லை.

ஆக, டிராக் ஹப் ஒன்று வாங்கியே தீர வேண்டும். இந்த ஒரு பொருளில் சிக்கனம் கூடாது. வாங்கியதும் அடுத்த சிக்கல் எதிர்ப்படுகிறது. ஆங்கிலேய மரபைப் பின்பற்றிய கறுப்பு வண்டியில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள். டிராக் ஹப்புகளோ பெரும்பாலும் 32 அல்லது 36 துளைகளோடு வருபவை. ஆகவே பழைய பின் ரிம் பயன்படாது. 32 துளை ஹப்பைத் தேர்ந்து, கறுப்பு வண்டியின் முன்சக்கர ரிம்மையே இன்னொன்று வாங்கிப் பின்சக்கரமாகக் கட்டிவிடலாம். 28 அங்குல டயரும் மட்கார்டும் அப்படியே பொருந்தும். ஆனால் கிழங்கு மூட்டையும் ஆளுமாக ஏற்றுவதற்கு 40 கம்பிகள் இருந்ததன் காரணத்தை மறந்துவிடலாகாது. 32 கம்பிச் சக்கரம் ஒற்றையாள் சவாரிக்கானது, டபுள்ஸுக்கு அன்று. பின்ஃபோர்க்கின் உட்புற அகலத்தையும் முதலிலேயே அளந்துகொள்ள வேண்டும். டிராக் ஹப்பின் அச்சுக்கு 120 மில்லிமீட்டர் வேண்டும், பழைய சட்டங்களில் அதைவிடக் குறைவாக இருப்பதுண்டு. எஃகுச் சட்டம் என்பதால் சிறிது விரித்துக்கொள்ளலாம்; விரித்த பிறகு இரு கைகளும் நடுக்கோட்டிலிருந்து ஒரே தொலைவில் நிற்கின்றனவா என்று நூல் கட்டிப் பார்ப்பது நல்லது.

சக்கரம் கட்டுவதைப் பற்றி நூல்கள் எவ்வளவோ சொல்கின்றன. ஆனால் இது கையில் இருக்கும் கலை. கம்பிகளைக் கோத்து, நிப்பிள் சாவியால் ஒவ்வொன்றாக இழுத்தும் தளர்த்தியும், ரிம் சுற்றும்போது எங்கே உரசுகிறது என்பதைச் சுண்ணக்கட்டியாலோ விரல்நகத்தாலோ கண்டு கோட்டம் எடுக்கும் திறன், வில்லியனூர்க் கடைத்தெருவிலும் பாகூர்ச் சந்தியிலும் மரத்தடியில் காற்றடிக்கும் பம்போடு அமர்ந்திருப்பவர்களிடமே இருக்கிறது. பளபளப்பான பெருங்கடைகளில் இணையத்தில் வாங்கிய உதிரிப்பாகங்களைப் பூட்டித் தருபவர்களில் எத்தனை பேருக்கு அது கைவந்திருக்கிறது என்பது ஐயமே. ஃபிக்ஸட் கியரில் கம்பிகள் முன்னோக்கியும் பின்னோக்கியும் மாறிமாறி இழுபடுவதால், இரு பக்கத்துக் கம்பிகளும் ஒரே இறுக்கத்தில் இருப்பது இன்றியமையாதது. கம்பியை விரலால் சுண்டி, வரும் ஒலியைக் கொண்டு இறுக்கத்தை மதிப்பிடும் பழைய வழி இதற்குப் போதும்.

இனி செயின். முன்னுள்ள செயின் வீலும் பின்னுள்ள பல்சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். சில மில்லிமீட்டர் விலகினாலும் இரைச்சல் எழும், தேய்மானம் கூடும். சாதாரண வண்டியில் செயின் கழன்றால் இறங்கி மாட்டிக்கொண்டு கையைத் துடைத்துக்கொள்வதோடு சரி; ஃபிக்ஸியில் கழன்ற செயின் பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் சிக்கிச் சக்கரத்தை ஓட்டத்திலேயே பூட்டிவிடும். செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும். அதற்குமேல் ஆடினால் தளர்வு, ஆடவே இல்லையென்றால் குண்டுகள் இறுகித் தேயும். கறுப்பு வண்டியின் கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னையும் பார்க்க வேண்டும். இருபுறமும் மாறிமாறி விசை வாங்கும் வண்டியில் அது விரைவில் தேய்ந்து, ஒவ்வொரு மிதிக்கும் ‘கட்’ என்று தட்டத் தொடங்கும்; தட்டினால் அன்றே மாற்றிவிடுவது முறை.

பற்களின் எண்ணிக்கையைத் தேர்வதில் இளைஞர்கள் வேகத்தையே எண்ணுகிறார்கள். கானா தம் சாதனைக்கு முன்னே 65 பல்லும் பின்னே 14 பல்லும் வைத்திருந்தார். சந்தைத் தெருவில் அவ்விகிதத்தை நின்ற இடத்திலிருந்து நகர்த்துவதே பெரும்பாடு. கறுப்பு வண்டியில் பெரும்பாலும் காணப்படும் முன்னே 44, பின்னே 18 என்ற விகிதமே இச்சமவெளிக்குப் பொருத்தமானது. 28 அங்குலச் சக்கரத்தில் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 5.5 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர். வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகருக்குள்ள சுமார் 10 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 1,820 சுற்றுகள் ஆகின்றன. ஃப்ரீவீல் வண்டியில் அவற்றுள் ஒரு பகுதியை உருண்டே கழித்துவிடலாம், ஃபிக்ஸியில் ஒன்றைக்கூட விட்டுவைக்க முடியாது. பிற்பகலில் கடற்காற்று கிளம்பிய பிறகு கிழக்கு நோக்கி நகருக்குப் போகிறவருக்கு இந்த எளிய விகிதமே கைகொடுக்கும்.

விகிதத்துக்குள் மறைந்திருக்கும் இன்னொரு கணக்கும் சுவையானது. பெடலைத் தடுத்துச் சக்கரத்தை வழுக்கி நிறுத்துபவர் எப்போதும் ஏறக்குறைய ஒரே கால்நிலையில்தான் தடுப்பார். அப்போது டயரின் எந்தப் பகுதி தரையில் படும் என்பதைப் பற்களின் விகிதமே முடிவு செய்கிறது. 48-க்கு 16 என்பதைச் சுருக்கினால் 3-க்கு 1. ஒவ்வொரு முறையும் டயரின் ஒரே இடம் தேய்ந்து, சில நாளில் அங்கே மட்டும் நூல் தெரியும். 44-க்கு 18-ஐச் சுருக்கினால் 22-க்கு 9; தேய்மானம் ஒன்பது இடங்களில் பரவும். பள்ளியில் படித்த பின்னச் சுருக்கம் டயர் கடையில் பயன்படுவது அரிய காட்சி.

பிரேக்கைப் பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை. வேகம் குறையும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின்மீது சாய்கிறது. பின்சக்கரத்தின் பிடி அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே கால்வலிமை எவ்வளவிருந்தாலும், பின்சக்கரத்தை மட்டும் தடுத்து நிறுத்துபவருக்கு, முன்பிரேக் பிடிப்பவரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு தொலைவு வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் விதிகள் ஃபிக்ஸட் கியரைப் பின்பிரேக்காக ஏற்றுக்கொண்டு முன்பிரேக்கைக் கட்டாயமாக்குவதன் நியாயம் இதுவே. 2016-இல் லண்டனில் முன்பிரேக் இல்லாத டிராக் வண்டி மோதி, சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர் இறந்தார். ஓட்டிய இளைஞர்மீது நோக்கமில்லாக் கொலைக்குற்றம் நிலைக்காத நிலையில், குதிரை வண்டிகளை மனத்தில் கொண்டு 1861-இல் எழுதப்பட்ட சட்டப்பிரிவைத் தேடியெடுத்து 18 மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். கடலூர்ச் சாலையின் பேருந்துகளுக்கும் அண்ணா சாலையின் நெரிசலுக்கும் நடுவே பிரேக் இல்லாமல் ஓட்டுவதைத் துணிச்சல் என்று சொல்வது மிகை.

கறுப்பு வண்டியின் கம்பி பிரேக், ரிம்மின் உள்வளைவை ரப்பர் கட்டையால் மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பது. அதை முன்சக்கரத்தில் அப்படியே வைத்துக்கொள்ளலாம், கட்டைகளைப் புதிதாக மாற்றிவிட்டால் வறண்ட நாளில் குறையில்லை. இதைவிட உறுதியான பிடி வேண்டுவோர் அலுமினிய ரிம்முக்கும் இடுக்கிப் பிரேக்குக்கும் போகிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கறுப்பு வண்டியின் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர், இக்கால நகர வண்டிகளுக்கு 622. ஆரத்தில் ஆறரை மில்லிமீட்டர் குறைவதால், கைநீளமான பிரேக்கைத் தேடி வாங்கினால்தான் கட்டை ரிம்மை எட்டும்.

மழைக்காலத்தில்தான் ஃபிக்ஸட் கியரின் உண்மையான தகுதி வெளிப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த எஃகு ரிம்மின்மீது ரப்பர் கட்டையின் பிடி பெரிதும் குறைந்து, பிரேக்கை அழுத்தியும் வண்டி நழுவிக்கொண்டே போகும் நிலையை இப்பகுதியின் சைக்கிள்காரர்கள் நன்கு அறிவர். செயின் வழியாகக் காலுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பை மழையால் எதுவும் செய்துவிட முடியாது. ஃப்ரீவீல் வந்து நெடுங்காலத்துக்குப் பிறகும் ஆங்கிலேயக் கழக ஓட்டிகள் மாரிக்காலத்துக்கென்று ஒரு ஃபிக்ஸட் வண்டியைத் தனியே வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சக்கரத்தின் அடியில் தரை வழுக்குகிறதா பிடிக்கிறதா என்பது உள்ளங்கால் வழியாகவே தெரிந்துவிடும்.

ஓட்டுவதற்கு வேறு பழக்கம் வேண்டும். முதல் சில நாள்களில் உடம்பு பழைய நினைவில் காலை நிறுத்தப் பார்க்கும். பெடல் அதைப் பொருட்படுத்தாமல் மேலெழும்பி ஓட்டுபவரை இருக்கையிலிருந்து உந்தித் தள்ளும். வளைவில் உட்பக்கப் பெடலை மேலே தூக்கி வைத்துக்கொள்ள வழியில்லை. சாய்வு மிகுந்தால் பெடல் தரையைத் தட்டும். வேகத்தடைமீதும் ரயில் தண்டவாளத்தின்மீதும் மிதித்தபடியேதான் ஏற வேண்டும். அறுவடைக் காலத்தில் பாகூர்ப் பக்கத்துச் சாலைகளில் காயப்போடும் நெல்லின்மீதும் உளுந்தின்மீதும் சக்கரத்தைப் பூட்டினால் வண்டி எண்ணெயில் விட்டதுபோல் போகும்; அங்கே மெல்லக் குறைப்பதே வழி. பாதம் பெடலிலிருந்து நழுவினால் சுழலும் பெடல் கெண்டைக்காலில் அடிக்கும் என்பதால் தோல்வாரோ பட்டையோ கட்டிக்கொள்கிறார்கள். ரப்பர் செருப்போடு ஓட்டுவது இவ்வண்டிக்கு ஆகாது.

துணி விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். வேட்டியின் நுனியோ சேலையின் கரையோ செயினில் மாட்டினால், சாதாரண வண்டியில் மிதிப்பதை நிறுத்தியவுடன் செயினும் நின்றுவிடும். இதில் வண்டி முழுவதும் நிற்கும்வரை செயின் துணியை உள்ளே இழுத்துக்கொண்டேயிருக்கும். செயின் கவர் இல்லாத ஃபிக்ஸி படங்களில் அழகாக இருக்கலாம். இவ்வூர் உடைகளுக்குக் கவர் அவசியம். ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டுத் துணியால் செயினைத் துடைக்கும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும். விரல் ஒருமுறை பல்லுக்கும் செயினுக்கும் இடையில் அகப்பட்டால், சுழலும் சக்கரத்தின் முழு வேகமும் அதன்மீது இறங்கும். அமெரிக்கரான ஷெல்டன் பிரவுன் ஃபிக்ஸட் கியரின் பெருமையைப் பேசிப் பலரை அதன்பால் ஈர்த்தவர், அவரே விரல் துண்டாகும் இந்த ஆபத்தைப் பற்றி அழுத்தமாக எச்சரித்திருக்கிறார்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் கிடைக்கும் பலன் மெதுவான ஓட்டத்தில் தெரியும். வைகாசித் தேரோட்டத்தின்போது வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலோ, மாலை வேளையில் நகரின் நேரு வீதியிலோ, நடப்பவரின் வேகத்துக்கு வண்டியைக் குறைத்து, கால் ஊன்றாமலே முன்னும் பின்னும் விரற்கடை அளவு அசைத்துச் சமநிலையில் நிற்க முடியும். ஃப்ரீவீல் பின்னோக்கிய விசையைச் சக்கரத்துக்குக் கடத்தாது என்பதால் அந்த வண்டியில் இது மிகக் கடினம். குறுக்குவெட்டாக அமைந்து சந்திக்குச் சந்தி நின்று போகவேண்டிய புதுச்சேரியின் நகரத் தெருக்களில், பிரேக்கைத் தொடாமலே வேகத்தை ஏற்றியிறக்கும் இந்தப் பிடிமானம் பழகியவர்களுக்கு எளிதில் விட மனம் வராது.

புதிதாகத் தொடங்குவோருக்கு இரு பக்கமும் மரையுள்ள ஹப்பே ஏற்றது. அதன் ஒரு பக்கத்தில் லாக்ரிங்கோடு ஃபிக்ஸட் பல்சக்கரத்தையும், மறுபக்கத்தில் அதே 18 பல்லுள்ள ஃப்ரீவீலையும் பூட்டி, பின்பிரேக்கையும் கழற்றாமல் வைத்திருந்தால், பாகூரிலிருந்து 20 கிலோமீட்டர் மிதித்து நகரை அடைந்தவர், திரும்பும்போது முழங்கால் மறுத்துவிட்டால், அரியாங்குப்பத்தில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஸ்பேனரால் இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, செயினை இறக்கி, தெக்ராஞ்சின் காலத்து வீரர்கள் மலையடிவாரத்தில் செய்ததுபோலவே சக்கரத்தைத் திருப்பிப் பூட்டிக்கொள்ளலாம். அச்சு காடியில் நேராக உட்கார்ந்திருக்கிறதா, செயின் ஒரு சென்டிமீட்டர் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நட்டுகளை இறுக்கிவிட்டால், சுண்ணாம்பாற்றுப் பாலத்தின் இறக்கத்தில் அந்தச் சில்வண்டு ஒலியோடு வண்டி தானே உருளும்.